தாழக்குடி, போக வர இருபத்து நான்கு

எனக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது, மேடம். பஸ்ஸோ காரோ, இரண்டாவது கியர் விழுந்ததும் வாயில் எச்சில் ஊறும். மூன்றாவது கியரில் வாந்தி. எலுமிச்சம்பழம் முகர்ந்து பார்த்தேன். முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். வயிற்றில் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டும் போய்ப் பார்த்தேன். அன்று செய்தித்தாளும் வீணானது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. வருடத்துக்கு ஒன்பதாயிரம் கிலோமீட்டர் என்று கம்பெனியில் பயணச் செலவு எழுதியவன் காசுக்காகத்தான் எழுதியிருப்பான் என்று யாருக்கும் தோன்றும். உங்களுக்கும் தோன்றியிருக்கிறது. சப்-இன்ஸ்பெக்டர் ஞானசெல்வி என்று பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு, வீடு தேடி வந்து, நாற்காலியைக்கூட ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். தாழக்குடியில் போஸ்டர் ஒட்டச் சொன்னது நான்தான். அதில் சந்தேகம் வேண்டாம். ஏன் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் கிருஷ்ணமணி. வயது முப்பத்தெட்டு. பார்வதிபுரத்தில் சொந்த வீடு. அம்மா இறந்த பிறகு தனியாக இருக்கிறேன். முன்பு திருவனந்தபுரத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் இரவு வேலை பார்த்தேன். தினமும் போய்வர வேண்டும். பாறசாலை தாண்டி ஒரு வேலிக்கல் இருக்கிறது. பதினோரு மாதம் அந்தக் கல்லின்மேல் வாந்தி எடுத்தேன். பன்னிரண்டாவது மாதம் வேலையை விட்டேன்.

பிறகு இங்கிலாந்தில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். அவர்கள் நாய்க்கும் பூனைக்கும் காப்பீடு விற்கிறவர்கள். பிராணி செத்துப்போனால் உரிமையாளர் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அந்தப் படிவம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று நான் சோதிக்க வேண்டும். ‘உங்கள் பிராணி இறந்துவிட்டதா?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்று அழுத்துவேன். பெயர், தேதி, காரணம். பிறகு அடுத்த பூனை. ஒரு நாளைக்கு இருநூறு பூனைகளைச் சாகடித்திருக்கிறேன். ஒன்றின்மேலும் எனக்கு விரோதம் கிடையாது.

அவர்கள் தனி ஆளுக்கு ஒப்பந்தம் தருவதில்லை. கம்பெனி வேண்டும் என்றார்கள். பிரைவேட் லிமிடெட் தொடங்க இரண்டு டைரக்டர்கள் வேண்டும். எனக்கு மாமாவை விட்டால் ஆள் கிடையாது.

மாமா ஈஸ்வரமூர்த்தி. அம்மாவின் அண்ணன். எழுபத்தொரு வயது. தாழக்குடியில் கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே எதையும் தேதி போட்டு எழுதிவைப்பார். அப்பா போன பிறகு அம்மாவுக்கும் எனக்கும் சோறு போட்டு, என்னைப் படிக்கவும் வைத்தவர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கம்பெனிக்கு முதலாக ஒரு லட்சம் அவர்தான் போட்டார். எங்கள் இருவர் பெயரையும் ஒட்டவைத்து ‘ஈஸ்கிருஷ் சிஸ்டம்ஸ்’ என்று பெயர் வைத்தோம். காகிதங்களில் கையெழுத்துப் போடும்போது மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ஏலே மக்கா, இனி நீ எங்கயும் வேலைக்குப் போவாண்டாம்லா?”

“வேண்டாம் மாமா.”

“அப்பம் வாரத்துக்கு ஒரு நாளு இஞ்ச வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ. பன்னெண்டு கிலோமீட்டரு. சைக்கிள்ள வந்தாலே வயிறு பசிக்கதுக்குள்ள வந்துரலாம்.”

வருகிறேன் என்றேன். வருவதற்குத் தோதாக அவருடைய பழைய காரையும் எனக்கே தந்துவிட்டார். ஒரு டிரைவர் கொண்டுவந்து மாமரத்தடியில் நிறுத்திவிட்டுப் போனார். சைக்கிள் எனக்கு ஓட்டத் தெரியாது. மாமாவுக்கு அது தெரியும். ஆனால் அவர் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை.

கணக்குப் பார்க்க மார்த்தாண்டத்திலிருந்து ஆடிட்டர் அனில்குமார் வருவார். நல்ல மனிதர். முதல் நாளே பயணச் செலவு பற்றிச் சொல்லித் தந்தார்.

“சாரே, வீட்டுல இருந்து ஆபீசுக்குப் போறது உங்க சொந்தப் பாடு. ஆபீசுல இருந்து வேலைக்காக வேற எடத்துக்குப் போனா, அது கம்பெனிச் செலவு. நோட்டு ஒண்ணு போடணும். தேதி, எங்க இருந்து எங்க, எதுக்கு, எத்தன கிலோமீட்டர். கிலோமீட்டருக்குப் பன்னெண்டு ரூவா எடுத்துக்கிடலாம். நான் பொய்க்கணக்கு எழுத மாட்டேன், கேட்டியளா. நீங்க தாறத எழுதுவேன்.”

என் ஆபீஸ் என்பது இந்தப் பின்கட்டு அறை. அதாவது நான் தூங்கி எழுவதே ஆபீசில். இங்கிருந்து நான் எங்கே கால் எடுத்து வைத்தாலும் அது ஆபீசிலிருந்து கிளம்புகிற பயணம். இப்படி ஒரு வசதியான நிலைமை அபூர்வம் என்றார் அனில்குமார். கால் எடுத்து வைத்தால்தானே.

முதல் ஞாயிற்றுக்கிழமை தாழக்குடிக்குக் கிளம்பினேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சட்டை மாற்றினேன். பழம் வாங்கி வைத்திருந்தேன். காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். சீட்டு உறையின் வாசனை வந்தது. எச்சில் ஊறியது. வண்டி இன்னும் நகரவே இல்லை.

இறங்கிவந்து அறையில் உட்கார்ந்தேன். மேஜையில் புதிய நோட்டு இருந்தது. முதல் வரியில் எழுதினேன். ‘பார்வதிபுரம் – தாழக்குடி. டைரக்டருடன் கூட்டம். போக வர 24.’ எழுதி முடித்ததும் உடம்பில் ஒரு களைப்பு வந்தது. போய்விட்டு வந்த களைப்பு. முகம் கழுவிக்கொண்டேன். அந்தப் பழத்தைச் சாப்பிட்டேன். மாமா வீட்டில் சாப்பிட்டது போலவே இருந்தது.

அன்றைக்கு எனக்குக் காசு ஞாபகமே இல்லை. அது பிறகு தானாக வந்து சேர்ந்தது.

அடுத்த வாரமும் எழுதினேன். பிறகு தாழக்குடி மட்டும் போதாமல் போயிற்று. பயணம் பிடிக்காதவனுக்கு உலகம் பார்க்க ஆசை இருக்கக்கூடாது என்று சட்டம் இல்லையே. மயிலாடிக்குப் போனேன். செத்த பூனைக்கு வைக்கக் கல்லில் சிலை என்ன விலை என்று விசாரிக்க. பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஐந்து முறை. அந்த மரத்தூண்களின் நிறத்தை எங்கள் இணையப் பக்கத்துக்கு வைக்கலாமா என்று பார்க்க. கன்னியாகுமரிக்கு, சூரியன் உதிக்கும் நேரத்தை வாடிக்கையாளருக்கு எழுதி அனுப்ப. அவர்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு ஒப்பந்தக்காரன் கேட்டதை மட்டும் செய்தால் போதாது.

ஒரு கிலோமீட்டர்கூட நான் கூட்டி எழுதியதில்லை. வரைபடத்தில் அளந்து எழுதினேன். வில்லுக்குறியில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்த மாதம் சுற்றிப் போனதாக எழுதினேன். ஒரு முறை சுசீந்திரத்தில் டயர் பஞ்சராகி நூற்றைம்பது ரூபாய் போயிற்று. ரசீது இல்லாததால் அதை நான் கம்பெனியிடம் கேட்கவில்லை. அந்த இழப்பு இன்றைக்கும் என் தலையில்தான்.

சற்று முன்பு உங்கள் கான்ஸ்டபிள் கார்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, பின்சீட்டில் பூனை நாலு குட்டி போட்டிருப்பதாகச் சொன்னார். தெரியும். போன வருடமும் அங்கேதான் போட்டது. மூன்று வருடமாக அந்த வண்டி நகரவில்லை. டயர்கள் மண்ணில் இறங்கிவிட்டன. அப்போது நீங்கள் நோட்டைப் புரட்டியபடி கேட்டீர்கள்.

“இதுல ஒண்ணுக்காவது நீங்க வெளியே போனியளா, கிருஷ்ணமணி?”

கேள்வி எனக்குப் புரியவில்லை. நோட்டில் எழுதியிருக்கிறதே.

அதே நோட்டில் போன ஆவணி மாதப் பக்கத்தில் ‘ஆஸ்பத்திரி, டைரக்டரைச் சந்தித்தல், 8’ என்று இருப்பதையும் சுட்டிக்காட்டினீர்கள். மாமாவுக்குக் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை நடந்த நாள். நாகர்கோவிலில்தான். இங்கிருந்து நாலு கிலோமீட்டர். அத்தை மீனாட்சியம்மாள் அன்று காலையில் இரண்டு தடவை போன் பண்ணினாள். “மயக்கம் தெளிஞ்சதும் ஒன்னத்தான் கேட்டாவ மக்கா. கிருஷ்ணமணி வந்தானான்னு.” வருகிறேன் அத்தை என்றேன். போனை வைத்ததும் எழுதிவிட்டேன். கட்டிலருகே அரை மணி நேரம் நின்றேன். மாமாவின் கை குளிர்ந்திருந்தது. ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன்.

“நாலு கிலோமீட்டரு நடந்தே போயிருக்கலாமே” என்றீர்கள். போயிருக்கலாம். ஆனால் எழுதிய பிறகு போனால் இரண்டு முறை போனதாகிவிடும். நோட்டில் ஒரு முறைதான் இருக்கிறது. அதுதான் மேடம் பொய்க்கணக்கு.

இனி மார்ச் மாதத்துக்கு வருகிறேன்.

இருபத்திரண்டாம் தேதி வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு கிலோமீட்டர். ஒன்பதாயிரத்துக்கு இருபத்து நான்கு குறைவு. எனக்கு முழு எண்தான் பிடிக்கும். இருபத்து நான்கு என்பது சரியாகத் தாழக்குடி போய்வரும் தூரம். இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மார்ச் பதினொன்றாம் தேதி காலியாக இருந்தது. ‘டைரக்டருடன் கூட்டம்’ என்று எழுதப் போனவன் நிறுத்திக்கொண்டேன். அந்த வருடம் ஏற்கெனவே நாற்பத்தொரு கூட்டம் நடந்திருந்தது. “ரெண்டே ரெண்டு டைரக்டரு, நாப்பத்தொரு மீட்டிங்கா? அப்படி என்ன சாரே பேசுதீங்க? வேற ஏதாவது காரணம் காட்டுங்க” என்று அனில்குமார் சொல்லியிருந்தார்.

தாழக்குடிக்குப் போக வேறு என்ன காரணம் இருக்கிறது. கல்யாணத்துக்கு என்றால் அழைப்பிதழ் கேட்பார். கோவிலுக்கு என்றால் கம்பெனிக்கு என்ன பக்தி என்பார். துஷ்டி என்று எழுதினேன். இறந்த வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவதற்கு அந்த ஒரு சொல் போதும். கட்டத்திலும் கச்சிதமாக அடங்கியது.

யாருக்குத் துஷ்டி என்று எழுதாவிட்டால் வரி பாதியில் நிற்கிறது. கம்பெனிக்குச் சம்பந்தப்பட்டவராக இருக்க வேண்டும். தாழக்குடியில் கம்பெனிக்குச் சம்பந்தப்பட்டவர் ஒருவர்தான். ‘ஈஸ்வரமூர்த்தி, டைரக்டர்’ என்று எழுதினேன். அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் முப்பது பூனைகளுக்கு ‘ஆம்’ அழுத்தியிருந்தேன். எழுத்து கோணவில்லை. பார்த்தாலே தெரியும்.

அன்றைய துஷ்டியில் முறை எதையும் நான் மீறவில்லை. சட்டையில்லாமல் வெறும் மேலோடு போனேன், தோளில் துண்டோடு. அத்தையின் முன்னால் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்லவில்லை. அந்த மாதிரி வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இருபத்து நான்கு கிலோமீட்டருக்கு இருநூற்று எண்பத்தெட்டு ரூபாய். அதில் கம்பெனிக்கு வரி மிச்சம் கால் பங்கு. எழுபத்திரண்டு ரூபாய். இந்தத் தொகையைப் படித்ததும் நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். பெரிய தொகையாக இருந்தால் உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் போல.

மறுநாள் அனில்குமார் போன் பண்ணினார். “துஷ்டின்னு போட்டிருக்கே சாரே. ஆதாரம் ஏதாவது உண்டா? போஸ்டர் கீஸ்டர்? ஒரு போட்டோ இருந்தா பில்லோட சேத்து வச்சிரலாம்.”

நியாயமான கேள்வி. ஆதாரம் இல்லாமல் கணக்கு எழுதுகிறவன் இல்லை நான். வடசேரியில் ஒரு அச்சகத்துக்குப் போன் பண்ணி, கம்பெனிப் பதிவுக்கு எடுத்த மாமாவின் படத்தையும் விவரத்தையும் அனுப்பி, ஒரே ஒரு போஸ்டர் கேட்டேன். இருபத்தைந்துக்குக் குறைத்து அடிப்பதில்லை என்றார்கள். சரி என்றேன். அடித்ததை எனக்குப் படமாக அனுப்பினார்கள். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று மேலே. நடுவில் மாமா, லேசான சிரிப்போடு. கீழே ‘ஈஸ்கிருஷ் சிஸ்டம்ஸ் பணியாளர்கள்’. பணியாளர் நான் ஒருவன்தான். பன்மை மரியாதைக்கு. அதற்கும் கீழே நான் கொடுக்காத ஒரு வரி இருந்தது. ‘பதினாறாம் நாள் அடியந்திரம் 26.3 அன்று அன்னாரின் இல்லத்தில்.’

ஏன் என்று கேட்டேன். “பதினொண்ணுல செத்தா இருபத்தாறுலதானே பதினாறு? சாப்பாட்டு விவரம் இல்லாத போஸ்டர எவன் நின்னு படிப்பான்?” என்றார்கள். கணக்குச் சரியாக இருந்தது. விட்டுவிட்டேன்.

போஸ்டர் ஒட்டும் முத்துக்கனி அண்ணாச்சியை அச்சகமே ஏற்பாடு செய்தது. தாழக்குடியில் ஆளில்லாத ஒரு சுவரில் ஒன்றை ஒட்டி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, உடனே கிழித்துவிட வேண்டும் என்று போனில் தெளிவாகச் சொன்னேன். இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் போட்டோ வந்தது. பிறகு இன்னொன்று வந்தது. மொத்தம் இருபத்தைந்து வந்தன. பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, பால் சொசைட்டி. பிறகு வீரநாராயணமங்கலம், இறச்சகுளம், பூதப்பாண்டி விலக்கு வரைக்கும்.

“ஒண்ணுதானே சொன்னேன் அண்ணாச்சி.”

“ஒத்தப் போஸ்டருக்கு எவன்டே பசை காய்ச்சுவான்? அதும் தாய்மாமன். ஒட்டி முடிச்ச கையோட கிழிக்கவா? நல்லாருக்கே. ஒருத்தன் கேட்டான், யாரு அடிச்சான்னு. மருமவனாக்கும், கம்பெனி வச்சிருக்கான்னு சொன்னேன். ஒன் மானத்தக் காப்பாத்தி விட்டிருக்கேன், ஒரு நன்றி உண்டா?”

நன்றி அண்ணாச்சி என்றேன். அச்சுக்கும் ஒட்டுவதற்குமாக ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய். விளம்பரச் செலவில் எழுதினேன்.

இருபத்தாறாம் தேதி நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அத்தை ஐந்து தடவை போன் பண்ணினாள். அதை வைத்துச் சொல்கிறேன். முதல் போன் காலை எட்டு மணிக்கு.

“ஏ கிருஷ்ணமணி, வாசல்ல பத்துப் பேரு துண்டு போட்டுக்கிட்டு நிக்காவ டே. சுசீந்திரத்து அண்ணன் வந்திருக்காவ. ‘பதினஞ்சு நாளு எங்களுக்குச் சொல்லாம மறைச்சிட்டியே, நாங்க என்ன அந்நியமா’ன்னு என்னப் புடிச்சி ஏசுகாவ. நான் என்ன சொல்லட்டும்? செத்தவரு குளிச்சிக்கிட்டு இருக்காரு, இரிங்கன்னு சொல்லி உக்கார வச்சிருக்கேன்.”

இரண்டாவது போனில் நாற்பது பேராகியிருந்தார்கள். மாமா குளித்து, நீறு பூசி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்ததும் ஒருவர் மயங்கி விழுந்தாராம். அவரை மாமாதான் தூக்கி உட்கார வைத்து, விசிறி, கருப்பட்டிக் காப்பி கொடுத்தாராம். விஷயம் தெரிந்த பிறகும் யாரும் கிளம்பவில்லை. துஷ்டி வீட்டுக்கு வந்தவர்கள் எதைச் சொல்லிக் கிளம்புவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ‘போய்விட்டு வருகிறோம்’ என்று சொல்லலாமா, கூடாதா. அதைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்திருக்கிறது. அதற்குள் அடுத்த வேன் வந்துவிட்டது.

மூன்றாவது போன் சாப்பாட்டைப் பற்றி. வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாது. அரிசி ஏற்றியாயிற்று. சாம்பார், அவியல், உள்ளித்தீயல். பாயசம் வைக்கலாமா வேண்டாமா என்று சமையல்காரர் கேட்டிருக்கிறார். மாமா சொன்னாராம், “நான் இருக்கேன்லா? வையும் வே.”

அனில்குமாரும் போயிருந்தார். நான் அனுப்பிய போஸ்டர் படத்தில்தான் பெயரைக் கவனித்தாராம்; டைரக்டர் போய்விட்டாரே என்று மார்த்தாண்டத்திலிருந்து ரோஜா மாலையோடு. மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றவரிடம், மாமா குனிந்து கழுத்தில் வாங்கிக்கொண்டாராம். அங்கிருந்தே அனில்குமார் என்னைக் கூப்பிட்டார்.

“சாரே, எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எதுக்கு இது?”

“ஒன்பதாயிரத்துக்கு இருபத்து நாலு குறைஞ்சுது.”

பின்னால் இலை போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. “ஒன்பதாயிரம்னு உருண்டையா ஒரு நம்பர் கொண்டுபோனா எவன் சாரே நம்புவான்? எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு. அதாக்கும் நல்ல நம்பர். அது உள்ளதுபோல இருக்கும்.”

இந்தப் பாவம் தேவையே இல்லாமல் நடந்துவிட்டது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அடுத்த வருடத்துக்குக் குறித்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மாமாவே கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. சொல்லப்போனால் உற்சாகமாக இருந்தார்.

“மக்கா, நூத்திப் பதினாலு பேரு. பேரு, ஊரு, எல்லாம் எழுதி வச்சிருக்கேன். ஆத்தங்கரை வழக்குல இருவது வருசமா பேசாதவன்லாம் வந்திருக்கான் டே. வந்து அழுதான். நான் உசிரோட இருக்கேன்னு தெரிஞ்ச பொறவும் அழுதான். ஒரு மனுசனுக்கு வேற என்ன வேணும்?”

“நல்லது மாமா.”

“போஸ்டரு நீதானா?”

“ஆமா மாமா.”

“அது போட்டும். படம் நல்லாத்தான் இருக்கு.” பிறகு பெயர் எழுதிய தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. “எல்லாவனும் வந்தான். நீ வரல்லியே மக்கா.”

“நான் பதினொண்ணாந் தேதியே வந்துட்டேன் மாமா.”

மாமா எப்போதும் ‘வச்சிருகேன் மக்கா’ என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார். அன்று சொல்லவில்லை.

மறுநாள் அவர் உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததாகச் சொன்னீர்கள். அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டினீர்கள். மாமாவின் கையெழுத்து எனக்குத் தெரியும். நாலு பக்கம். தேதி போட்டு, நூற்றுப் பதினான்கு பெயர்களையும் வரிசையாக எழுதியிருக்கிறார். போஸ்டர் அடித்தவன் என்று என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில், தனியாக ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே, ‘வராதவர்: கிருஷ்ணமணி’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். இது என்ன புகார் என்று உங்கள் எழுத்தருக்குப் புரியவில்லை என்றீர்கள். எனக்கும் புரியவில்லை. தகவல் தப்பு. நான் வந்ததற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கிறது.

எழுதி முடித்துவிட்டேன் என்று நினைத்துப் பேனாவை மூடினேன். அப்போதுதான் நீங்கள் வந்த காரியத்தையே சொன்னீர்கள். சொல்லும்போது போலீஸ் குரலில் சொல்லவில்லை. அதுவும் எழுதப்பட வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

“இஞ்ச பாருங்க, கிருஷ்ணமணி. வருமானவரி என் பாடு இல்ல. ஒங்க மாமா காலையில கூப்பிட்டு ஒரு காரியம் சொன்னாரு. நீங்க இன்னைக்கு அவருகூட இருந்து ஒரு வாய் சோறு தின்னா, புகார வாபஸ் வாங்கிருவாராம். கேசும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு இலை போட்டு வச்சிருக்காராம். ஒங்க அத்தை ஒங்களுக்குன்னு உள்ளித்தீயல் வச்சிருக்காளாம். ஜீப்பு வெளியதான் நிக்கி. கண்ணாடிய எல்லாம் எறக்கி விட்டுருகேன். பதுக்க ஓட்டச் சொல்லுகேன். வாந்தி வந்தா நிறுத்துவோம். பத்து தடவ வந்தா பத்து தடவ நிறுத்துவோம். பன்னெண்டு கிலோமீட்டருதான், மனுசா. நீங்க வர்றது வரைக்கும் சாப்பிட மாட்டேன்னு இருக்காரு. எழுவத்தொரு வயசு.”

டிரைவர் ஜீப்பை ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். டீசல் வாசனை இந்த அறை வரைக்கும் வருகிறது. எனக்கு எச்சில் ஊறுகிறது. மணி ஒன்று இருபது.

நான் கல்நெஞ்சன் இல்லை. மாமா பசியோடு இருக்கிறார் என்றால் எனக்குப் பொறுக்காது. அவர் போட்ட சோற்றில் வளர்ந்தவன். ஆகவே மேஜையிலிருந்த நோட்டை எடுத்தேன். புது வருடத்துக்குப் புதுப் பக்கம் திருப்பினேன். தேதி போட்டேன். ‘பார்வதிபுரம் – தாழக்குடி. மாமாவுடன் மதியச் சாப்பாடு. போக வர 24.’ இது சொந்தக் காரியம், கம்பெனி வேலை இல்லை. அதனால் ரூபாய்க் கட்டத்தில் கோடு போட்டிருக்கிறேன். ஒரு பைசா எடுக்கவில்லை. நான் காசுக்காக எழுதுகிறவன் என்று இன்னும் நினைத்தால் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதியதும் வழக்கமான களைப்பு வந்துவிட்டது. கொஞ்சம் படுக்க வேண்டும். நீங்கள் ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரியவில்லை. இந்தத் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நீங்கள் கிளம்பலாம், மேடம். போகிற வழியில் தாழக்குடியில் நிறுத்தி, உள்ளித்தீயல் நன்றாக இருந்தது என்று அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.